தூக்கிவிட ஆளில்லாத பட்டம்

வேலாயுதன்துறையில் கனகா "சரி" என்று சொல்லிவிட்டால் யாரும் உடனே நிம்மதி அடைந்துவிடுவதில்லை. அவளிடம் இரண்டு சரி உண்டு. ஒன்று, கேட்டதைச் செய்யப்போகிற சரி. மற்றது, எதிரே நிற்பவரின் பேச்சை முடித்து அனுப்பிவைக்கிற சரி. இரண்டும் ஒரே குரலில், ஒரே தலையாட்டலோடுதான் வரும்.

இதை முதலில் அனுபவித்தவர் அவள் புருஷன் காயாரோகணம். பத்தொன்பது வருஷத்துக்கு முன் பெண் பார்க்க வந்த அன்று, "கடலுக்குப் போற பழக்கமெல்லாம் உண்டா?" என்று மாமியார் கேட்டாள்.

"அய்யோ, கடல்னாலே எனக்குப் பயங்க" என்றாள் கனகா.

"அப்ப நீ கரையிலயே இரு, போதும்."

"சரிங்க."

கல்யாணமான நாலாம் நாள் விடியற்காலை, காயாரோகணத்தின் சின்னப் படகு தானாக நகர்ந்து போவதைப் பார்த்து அவர் இடுப்பளவுத் தண்ணீர் வரை ஓடிக் கத்தினார். படகில் புதுத்தாலி மினுங்க உட்கார்ந்திருந்தது அவர் பெண்டாட்டி. நாலு கிலோ நண்டோடு திரும்பி வந்தவள், "பயமாத்தாங்க இருந்துச்சு. அதான் சீக்கிரம் வந்துட்டேன்" என்றாள்.

அந்த நண்டு வியாபாரம்தான் இன்றைக்கும் நடக்கிறது. முப்பத்தொன்பது வயதில் கனகாவுக்கு வலை இழுத்து முறுக்கேறிய கை, வெயிலில் கருத்த முகம், யாரையாவது ஏமாற்றப்போகிறபோது மட்டும் பசுவைப் போல ஆகிவிடும் கண்கள். காயாரோகணம் விசைப்படகில் ஓட்டுநர். மகள் மதிவதனி பட்டுக்கோட்டையில் கல்லூரி முதலாம் ஆண்டு.

மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தத் துறையில் கடலுக்குக் கோபமே வராது. அரை மைல் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் நிற்கும். ஆம்பிளைகள் படகுக்கு வர்ணம் அடிப்பார்கள், மிச்ச நேரம் கீற்றுக்கொட்டகையில் சீட்டாடுவார்கள். கச்சான் காற்று மட்டும் தென்மேற்கிலிருந்து வேலை தேடி அலைவது போலக் கரையைத் தடவிக்கொண்டே ஓடும்.

போன வருஷம் அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் ஹரிஹரசுப்ரமணியன் வந்து சேர்ந்தான். கும்பகோணம் பக்கத்துக் குடும்பம். நிலமெல்லாம் எப்போதோ கைமாறிவிட்டது, அவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடத்தி முடித்த கையோடு, காரின் தலையில் ஒரு பெரிய பையைக் கட்டிக்கொண்டு கடற்கரை கடற்கரையாகக் காற்றைப் பார்த்து வந்திருக்கிறான். இங்கே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, காலையில் லேப்டாப், சாயங்காலம் கடல் என்று உட்கார்ந்துவிட்டான்.

பையிலிருந்து வெளியே வந்தது ஒரு பட்டம். சிறுவர்கள் விடுகிற பட்டம் இல்லை. விளிம்பில் ரப்பர் குழாய் வைத்துப் பம்ப் அடித்தால் மினி பஸ் நீளத்துக்கு வளைந்து விறைத்துக்கொள்ளும் ஆரஞ்சு நிறத் துணி. அதிலிருந்து நாலு கயிறு, இருபது சொச்சம் மீட்டர். கயிற்றின் முனையில் கையால் பிடிக்க ஒரு தடி. தடியின் வளையத்தை இடுப்புப் பட்டையின் கொக்கியில் மாட்டிக்கொண்டு, காலடியில் ஒரு பலகையோடு தண்ணீர் மேல் வழுக்கிப் போக வேண்டும். ஒரே ஒரு சிக்கல். பட்டம் எழும்பும்போது அந்தக் கோடியில் ஒருவர் பிடித்து நிறுத்தி, சரியான நேரத்தில் விட வேண்டும்.

முதல் நாள் பிடித்தவர் ஜெயபால். சீட்டாட்டத்தை விட்டு வந்த அவசரத்தில், விடச் சொல்வதற்கு முன்பே பட்டத்தை இரண்டு கையாலும் வானத்துக்கு வீசி எறிந்துவிட்டார். அடுத்த கணம் ஹரி மணலை உழுதுகொண்டு போய், காயப்போட்டிருந்த நெத்திலிக் கருவாட்டுக்குள் முகம் புதைய விழுந்தான். எல்லோரும் "ஏய், ஏய்" என்று கத்தினார்கள். கனகா மட்டும் ஓடிப்போய், விழுந்து துள்ளிக்கொண்டிருந்த பட்டத்தின் விளிம்பைக் கட்டிப்பிடித்து மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பட்டம் அடங்கியது.

அன்றைக்கே ஊர்த்தலைவர் இளையபெருமாள் தீர்ப்புச் சொன்னார். காயாரோகணத்துக்குச் சித்தப்பா முறை. உலகத்தில் எதற்கும் ஒரு உத்தரவு போட்டுவிட்டால் அது கட்டுப்படும் என்று நம்புகிற மனிதர்.

"ரெண்டு பேர் இல்லாம அந்தப் பட்டத்த யாரும் ஏத்தக்கூடாது. பிடிக்கிற ஆளு கனகாதான். வேற யாரும் கிட்டப் போகக்கூடாது."

"சரிங்க மாமா" என்றாள் கனகா.

பிடிப்பதற்குக் கூலியாக என்ன வேண்டும் என்று ஹரி கேட்டான். "எனக்கும் அத ஓட்டக் கத்துக்குடுங்க தம்பி" என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் அவன் கடற்கரைக்கு வந்தபோது கனகா அந்தப் பக்கமே தலை காட்டவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ஹரி இன்னொரு இடுப்புப் பட்டையோடு அவள் வீட்டு வாசலில் நின்றான்.

முதலில் அவன் கற்றுக்கொடுத்தது ஓட்டுவதை அல்ல, விடுவதை. தடிக்குக் கீழே ஒரு சிவப்புக் கைப்பிடி. அதைத் தள்ளிவிட்டால் பட்டம் பலம் இழந்து ஒற்றைக் கயிற்றில் தொங்கிக் கீழே விழுந்துவிடும். "அக்கா, யோசிக்கவே கூடாது. பயம் வந்த அந்த செகண்டுல கை அங்க போகணும்" என்று வெறும் கரையில் இருபது தடவை தள்ளச் சொன்னான். கனகா நாற்பது தடவை தள்ளிக் காட்டினாள். அப்புறம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பலகை இல்லாமல் பட்டம் இழுத்த இழுப்புக்கு உடம்பைக் கொடுத்தாள். பத்தாம் நாள் பலகையில் ஏறி நின்று முப்பது அடி போனாள். விழுந்தபோது வாய் நிறைய உப்புத்தண்ணீர், அதற்கு மேலும் சிரிப்பு.

அந்த நேரம் பார்த்து ஹரிக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. பத்து நாள் பெங்களூர் போயே ஆக வேண்டும். பையைக் கனகா வீட்டில் வைத்துவிட்டு, காரில் ஏறுமுன் கேட்டுக்கொண்டான்.

"அக்கா, நான் வர்ற வரைக்கும் இதத் தொடாதீங்க. தூக்கிவிட ஆள் இல்லாம ஏத்துறது எனக்கே வராது."

"சரி தம்பி."

கார் தார்ச்சாலையைத் தொடுவதற்குள் மதிவதனி கேட்டாள். "அம்மா, இது எந்தச் சரி?"

"போயி துணியக் காயப்போடு."

மூன்று நாள் தாங்கினாள். நாலாம் நாள் மத்தியானம் பட்டத்தைக் கரையில் விரித்து, பம்ப் அடித்து, அதன் மேல் மணலைக் குவித்து வைத்துவிட்டு, கயிறு நீளத்துக்கு நடந்து போய்க் கொக்கியை மாட்டிக்கொண்டாள். மணல்தான் நம்முடைய ஆள், இழுத்தால் மணல் உதிரும், பட்டம் எழும்பும் என்பது கணக்கு. கணக்கில் பாதி சரி. மணல் உதிர்ந்தது, பட்டம் எழும்பியது. ஆனால் வாலை முறுக்கிவிட்ட காளை போல எழும்பியது. கனகா வயிற்றால் மணலைத் தேய்த்துக்கொண்டு பத்தடி போனாள். கை தானாகச் சிவப்புக் கைப்பிடியைத் தள்ளியது. இழுப்பு நின்றது. பலம் போன பட்டம் மெதுவாக, மரியாதையாக, சீட்டாட்டக் கொட்டகையின் முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த நாலு பேரின் தலைமேல் போர்வை போலப் படிந்தது.

ஆரஞ்சுத் துணிக்குள் நாலு மேடுகள் அசைந்தன. ஒரு மேட்டிலிருந்து இளையபெருமாளின் குரல் வந்தது.

"எவன்டா அவன்?"

"மாமா, நாந்தான். உப்புப் புடிச்சு ஈரமாக் கெடந்துச்சு, காயவச்சேன். காத்து தூக்கிருச்சு" என்றாள் கனகா. இடுப்பில் பட்டையும், சேலை முழுக்க மணலும், முழங்கையில் சிராய்ப்புமாக நின்றுகொண்டுதான் சொன்னாள். கண் மட்டும் பசுவாக இருந்தது.

துணியை விலக்கி வெளியே வந்த இளையபெருமாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "காயவைக்கிறதுக்கு எதுக்குடி இடுப்புல பட்ட?"

"அதுவும் ஈரம் மாமா."

ஊர் சிரித்தது. உத்தரவு மறுபடி போடப்பட்டது, இம்முறை சத்தமாக.

சிராய்ப்பு எரிந்ததில் கனகா இரண்டு நாள் யோசித்தாள். கற்றுக்கொண்ட நாட்களில் ஹரி கைகாட்டிய இடத்தில் பட்டத்தைப் பிடித்தாளே தவிர, ஏன் அந்த இடம் என்று அவள் கேட்டதில்லை. ஒரு காலி அரிசிச் சாக்கின் வாயை விரித்துக் கம்பி வைத்து, நைலான் கயிற்றில் கட்டி, கொல்லையில் கம்பம் நட்டுப் பார்த்தாள். காற்று போகிற திக்குக்கு நேரே வைத்தால் சாக்கு உப்பிக்கொண்டு கம்பத்தையே பிடுங்கப் பார்த்தது. அப்படியே கயிற்றின் நீளத்துக்கு அரைவட்டமாக நகர்த்திக்கொண்டு வந்தாள். பக்கவாட்டுக்கு வர வர இழுப்பு குறைந்தது. காற்றுக்குக் கிட்டத்தட்டக் குறுக்கே, அரைவட்டத்தின் ஓரத்தில் வந்ததும் சாக்கு லேசாக உப்பியபடி சும்மா நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் படபடவென்று அடித்துக்கொண்டு விழுந்தது.

"அட, இம்புட்டுதானா" என்றாள்.

அன்றைக்கு அவள் பட்டத்தை வைத்தது அரைவட்டத்தின் நட்ட நடுவில். வைக்க வேண்டியது ஓரத்தில். அங்கே வைத்தால் பட்டம் நிற்கும், இழுக்காது. நின்றுகொண்டே இருக்கும் என்றால் பிடித்துக்கொள்ள ஆள் எதற்கு? இந்தக் கோடியில் கயிற்றை அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான் ஏதாவது வேண்டும். அவள் கண் காயாரோகணம் வர்ணம் அடித்துக்கொண்டிருந்த படகின் பக்கம் போனது.

மறுநாள் அவர் வீட்டுக்குள் வந்து கேட்டார். "கனகா, படகுல நாலு கை நங்கூரம் ஒண்ணு இருந்துச்சே, பாத்தியா?"

"துருவா இருந்துச்சுங்க. சுரண்டலாம்னு எடுத்து வச்சிருக்கேன்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் கனகா எதற்கும் துருச் சுரண்டியது கிடையாது. "சரி" என்றார் காயாரோகணம். அவரும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தார்.

நங்கூரம் கிடைத்துவிட்டது. இனி வேண்டியது காற்று போகிற பக்கம் ஆளில்லாத கரை. சீட்டுக்கொட்டகை சரியாக அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. பட்டத்தைத் தூக்கிவிட ஒருவர் கிடைக்காத ஊரில், அது மேலே விழுந்து அடிபட மட்டும் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வியாழக்கிழமை மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் மீன்துறையின் படகுச் சோதனை. வேலாயுதன்துறைப் படகுகளுக்கு மத்தியானம் இரண்டு மணி. புதன்கிழமை குழாயடியில் கனகா ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். "ஒம்பதுக்கே ஆரம்பிச்சுருவாங்களாம். லேட்டாப் போனா கடைசி வரிசையாம்." ஒருத்தியிடம் சொன்னால் போதும். வியாழக்கிழமை எட்டரைக்கு ஊரில் ஒரு ஆம்பிளை இல்லை. இளையபெருமாள் சலவை வேட்டி சட்டையில் மொபெட்டில் போனார்.

"நான் பிடிக்க மாட்டேன்" என்றாள் மதிவதனி, தாழை நிழலில் செல்போனோடு உட்கார்ந்துகொண்டு. "அப்புறம் ஒனக்கு ஏதாவது ஆனா நாந்தான் கொன்னேன்னு பேசுவாங்க."

"ஒன்ன யாரு கூப்பிட்டா?"

காற்றைப் பார்த்தாள். தென்னை ஓலையின் நுனிகள்தான் ஆடின, மட்டை ஆடவில்லை. மட்டை ஆடியிருந்தால் பையைத் திறந்தே இருக்க மாட்டேன் என்று பிற்பாடு சொன்னாள். அதை நம்புவது அவரவர் விருப்பம்.

காய்ந்த மணலில் தோளளவுக் குழி தோண்டி நங்கூரத்தை இறக்கி மூடினாள். மேலே இரண்டு மணல் மூட்டை. சங்கிலியைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்தாள். போதாதென்று மகளையும் இழுக்கச் சொன்னாள். "இது பிடிக்கிறது இல்ல, இழுக்கிறது" என்று சமாதானம் சொன்னாள். நங்கூரம் அசையவில்லை. நாலு கயிற்றையும் விரலால் நீவிக்கொண்டே போய்ச் சிக்கல் இல்லை என்று பார்த்தாள், திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தாள். தடியின் வளையத்தைப் பூட்டுக்கொக்கியால் சங்கிலியில் மாட்டினாள். கொட்டகைப் பக்கம் ஒரு நாய் படுத்திருந்தது. கல்லெடுத்து விரட்டினாள்.

பிறகு பட்டத்தின் விளிம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, கடல் ஓரமாக, ஈர மணலில் நடந்தாள். ஏதாவது தவறினால் இழுபடுவது தண்ணீருக்குள் என்றே இருக்கட்டும். கயிறுகள் விறைத்தன. துணி படபடத்தது. ஓரத்துக்கும் அப்பால் நிற்கிறோம் என்று அர்த்தம். காற்று போகிற பக்கமாக அரை அடி நகர்ந்தாள். இன்னும் அரை அடி. படபடப்பு நின்று, துணி மெல்ல உப்பி, கையில் கனம் குறைந்தது. கீழ்முனையை மணலில் ஊன்றினாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

பட்டம் நின்றது. யாரும் பிடிக்காமல், ஒற்றை முனையில், கோபித்துக்கொண்ட மருமகள் போல முகத்தைக் காற்றுக்குக் காட்டி நின்றது.

ஓடாதே என்று கனகா தனக்கே சொல்லிக்கொண்டு, பட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நங்கூரம் வரை நடந்தாள். முதலில், பட்டம் பறந்துபோய்விடாமல் தடுக்கிற பாதுகாப்புக் கயிற்றை இடுப்பில் மாட்டினாள். பிறகு வளையத்தைத் தன் கொக்கியில். சிவப்புக் கைப்பிடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நங்கூரத்தின் பக்கம் ஓரடி சாய்ந்து, சங்கிலி தளர்ந்ததும் பூட்டுக்கொக்கியைக் கழற்றினாள். இப்போது அந்த ஆரஞ்சு மிருகத்துக்கும் பூமிக்கும் நடுவில் இருந்தது அவள் ஒருத்திதான்.

தடியின் ஒரு பக்கத்தை நூலளவு இழுத்தாள். பட்டம் கடல் ஓரமாகவே ஊர்ந்து ஏறி, அவசரம் இல்லாமல் தலைக்கு மேல் வந்து நின்றது.

"அம்மா!" என்று கத்தினாள் மதிவதனி. அவளே அறியாமல் எழுந்து நின்றிருந்தாள். "வீடியோ எடுக்கிறேன், இங்க பாரு!"

"ஏன்டி, நான் மேல பாக்கவா, ஒன்னப் பாக்கவா?"

முக்கால் மணி நேரம் கனகா கடலை உழுதாள். எட்டு முறை பலகையில் நின்றாள், ஒன்பது முறை விழுந்தாள். ஒருமுறை நின்றபோது நண்டு வலைக் கம்புகளைத் தாண்டி வெகுதூரம் போய், தன்னுடைய ஊர் முழுவதும் ஒரு பச்சைக் கோடாக இருப்பதைப் பார்த்தாள். வாய்விட்டு ஓவென்று கூவினாள். கேட்க யாரும் இல்லாத இடத்தில் கூவுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

இதற்குள் துறைமுகத்தில் வெயிலில் நின்று நின்று இளையபெருமாளின் சலவைச் சட்டை நனைந்துவிட்டது. அதிகாரியைக் காணோம். காவலாளி, "ரெண்டு மணிக்குங்க. யாரு ஒங்களுக்கு ஒம்பதுன்னு சொன்னது?" என்றான். யார் சொன்னது என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே போனால், சங்கிலி குழாயடியில் போய் நின்றது. அவர் மொபெட்டைத் திருப்பினார்.

கனகா அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். வேட்டியை மடித்துக்கொண்டு கரையில் நடந்து வருகிற வேகத்தில் முழு வழக்கும் தெரிந்தது. சிவப்புக் கைப்பிடியைத் தள்ளிவிட்டுத் தானே பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு வர அவளுக்கு நன்றாகத் தெரியும். கை அங்கே போகவில்லை. முழங்கால் தண்ணீருக்கு வந்து நின்று குரல் கொடுத்தாள்.

"மாமா! நல்லவேளை வந்தீங்க! எறக்கத் தெரியல மாமா!"

"என்னாது?"

"ஏத்திட்டேன், எறக்க வரல! கைய விட்டா மனோரா கோட்டைப் பக்கம் போயிருவேன் போல! ஓடியாங்க!"

இளையபெருமாள் கேட்க வந்த கேள்வி எல்லாம் அந்த இடத்திலேயே உதிர்ந்தது. சலவை வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார்.

"எங்கத்தா பிடிக்கணும்? சொல்லு சொல்லு!"

"கயித்தத் தொடாதீங்க! காத்து வர்ற பக்கமா வந்து முன்விளிம்பப் பிடிங்க!"

பட்டத்தை ஓரத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீரிலிருந்து ஆள் உயரத்தில் நிறுத்தினாள். பெரியவர் ஒருமுறை தவறவிட்டார், இரண்டாம் முறை இரு கையாலும் பிடித்தார். அது அவர் கையில் ஒரு துடிப்புத் துடித்து அடங்கியது. அவர் முகத்தில் ஐம்பத்தெட்டு வயது காணாமல் போனது.

"பிடிச்சுட்டேன்! ஏத்தா, பிடிச்சுட்டேன்!"

"அப்படியே இருங்க தாத்தா" என்று மதிவதனி கரையிலிருந்து படம் எடுத்தாள்.

பட்டத்தைக் கவிழ்த்து மணல் போட்டு முடித்த பிறகுதான் அவருக்குக் கோபம் நினைவுக்கு வந்தது. "ரெண்டு பேர் இல்லாம ஏத்தக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"ஆமா மாமா. நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. ரெண்டு பேர்தானே?"

"நான் எப்ப வந்தேன்? ஏத்தினப்ப யாரு பிடிச்சது?"

கனகா நங்கூரத்தைக் காட்டினாள். அவர் குழிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். மணல் மூட்டையைத் தள்ளிப் பார்த்தார், சங்கிலியை இழுத்துப் பார்த்தார், கயிற்றின் திசையையும் காற்றின் திசையையும் கையால் அளந்தார். நாற்பது வருஷம் படகு கட்டிய மனிதர். கேட்காமலே பாதி புரிந்துவிட்டது.

"இந்த நங்கூரம் யாரோடது?"

"ஒங்க அண்ணன் மகன் படகோடதுதான். அவருக்குத் தெரியாது."

"தெரியும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. காயாரோகணம். சித்தப்பா போன வேகத்தைப் பார்த்துப் பயந்து, யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு துறைமுகத்திலிருந்து மிதித்து வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. கனகாவின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார், புதுச் சிராய்ப்பு இல்லை. "எத்தன தடவ நின்ன?" என்று மட்டும் கேட்டார்.

"எட்டு."

"பாக்காமப் போச்சே" என்றார். குறும்பு செய்து மாட்டிக்கொண்டால் என்ன சொல்வது என்று கனகாவுக்குத் தெரியும். இதற்குத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைப்பது போலக் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஹரி திரும்பி வந்தான். மதிவதனியின் வீடியோவை மூன்று தடவை பார்த்தான். நாலாம் தடவை, பட்டம் தனியாக நிற்கிற இடத்தில் நிறுத்தி வைத்தான். "அஞ்சு வருஷமா யாராவது வருவாங்களான்னு கரையில உக்காந்திருக்கேன் அக்கா. பாதி நாள் அப்படியே வீட்டுக்குப் போயிருக்கேன். எனக்குக் காட்டித் தருவீங்களா?"

கனகா காட்டித் தந்தாள். குழி ஆழம் பத்தாது என்று மூன்று தடவை தோண்ட வைத்தாள். மூன்றாவது தடவை உண்மையில் தேவை இருக்கவில்லை. முதல் இரண்டும் தேவைதான்.

இப்போது பட்டுக்கோட்டையில் யார் கிடைத்தாலும் இளையபெருமாள் இந்தக் கதையைச் சொல்கிறார். செல்போனில் இருக்கிற படத்தையும் காட்டுகிறார். நனைந்த வேட்டியோடு பட்டத்தைப் பிடித்தபடி நிற்கிற படம். அவர் சொல்கிற கதையில் நங்கூர யோசனை அவருடையது, காற்றின் ஓரத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான், கனகா சொன்னபடி கேட்டுக்கொண்ட பிள்ளை. பக்கத்தில் நின்று அதைக் கேட்க நேர்ந்தால் கனகா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டுகிறாள்.

"ஆமாங்க, மாமா சொல்லித்தான் எல்லாம்" என்கிறாள்.

ஏன் மறுக்கவில்லை என்று மதிவதனி ஒருநாள் பஸ்ஸில் கேட்டாள்.

"அந்தக் கதையச் சொல்ற வரைக்கும், ஒம்பது மணின்னு யாரு கெளப்பிவிட்டான்னு கேக்க அவருக்கு ஞாபகம் வராது" என்றாள் கனகா, ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே.